ஈ ஓட்டுவதைப் பற்றியும் செல்லியின் இடது கண்ணைப் பற்றியும்

சரவணா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குப் பொறுமை இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நேற்றுக் காலையில் ஆறு தோசை தின்றுவிட்டு மெக்கானிக் கடைக்குக் கிளம்பினாயாம், வேணி போனில் சொல்லிச் சிரித்தாள். இங்கே முதுநகரில் நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது, அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரையைப் பிடித்துக்கொண்டு மூன்று தெரு நடந்தால் நாலாவது தெருவில் உட்கார இடம் தேடுகிறார். டாக்டர், "நடந்தது போதும் பெரியவரே, இனிமே உக்காந்து பேரப்புள்ளய கொஞ்சுங்க" என்று சொல்லிவிட்டார். பேரப்பிள்ளைக்கு எங்கே போவது என்று இவர் என்னைக் கேட்கிறார். அதை நான் உன்னைக் கேட்கவில்லை, பயப்படாதே.

நான் எழுதுவது குதிரைகளுக்காக. செல்லியையும் மாரியையும் சிதம்பரத்துக்கு உன்னிடம் அனுப்பிவிடலாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடித்தோம். உன் மாமனாரின் தென்னந்தோப்பு உன் வீட்டுக்குப் பின்னால் சும்மாதான் கிடக்கிறது. கல்யாணங்களுக்கு மாரியைப் பிடித்துக்கொண்டு போக உன் மச்சான் தயார். வேணி லாயத்துக்குக் கூரை போட ஆளைக்கூடக் கூட்டிவந்து காட்டிவிட்டாள். நீ ஒருவன்தான் குறுக்கே நிற்கிறாய். "ஈ வரும்மா. அண்ணாமல நகர்ல சுத்தி காலேஜு பசங்க லாட்ஜு. பசங்க சாப்புடற தட்டுல ஈ உக்காந்தா எங்கிட்ட எவன் வண்டி ரிப்பேருக்கு வுடுவான்?" என்றாய். நியாயம்தான் என்று நானும் போனை வைத்துவிட்டேன். மறுநாள் வேணி கூப்பிட்டாள். "அத்த, ஈயெல்லாம் சாக்கு. நேத்து சாப்புடும்போது வாய வுட்டுச் சொல்லிட்டாரு. 'நான் பாத்தா குதிர உருப்படாது வேணி. ஒரு கண்ண எடுத்தவன் நான், இன்னொன்னயும் எடுக்கணுமா'ன்னாரு. அப்புறம் பாதி சோத்துல எழுந்து போயிட்டாரு" என்றாள். எனக்குக் கையிலிருந்த கொள்ளு முறம் அப்படியே நின்றுவிட்டது.

திருவதிகையிலிருந்து ஒருவர் குதிரை வாங்க வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு மாரி மட்டும் வேண்டுமாம். "செல்லிய வச்சிகினு நான் இன்னா பண்றதும்மா? கெழம். ஒத்தக் கண்ணு" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்டு வருவார். நீ வேண்டாம் என்றால் மாரி திருவதிகைக்குப் போவாள், செல்லி இங்கே தனியாக நிற்பாள், அவளைப் பார்க்க எங்கள் இருவருக்கும் உடம்பில் தெம்பு இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். கூரியரில் போடுகிறேன், ஆனால் உறையை ஒட்டவில்லை. போகிற வழியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். வேணி படிக்கட்டும், உன் மச்சான் படிக்கட்டும், கடையில் உன்னிடம் வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் ஈ. நீ கேட்டது அதுதானே, அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் இன்னொரு சாக்குக் கண்டுபிடிப்பாய்.

ஈ ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை, நாம் அள்ளாமல் விட்டுவைத்த குதிரை லத்தியில் பிறக்கிறது. முட்டை வைத்து, புழுவாகி, இறக்கை முளைத்துக் குதிரையின் கண்ணில் வந்து உட்கார நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை லாயத்தைக் கூட்டுகிறவன் குதிரை வளர்க்கவில்லை, ஈ வளர்க்கிறான். காலையில் ஒரு தடவை, பொழுது சாய்வதற்குள் ஒரு தடவை, மூலை முடுக்கு விடாமல் அள்ளிவிட வேண்டும். மூத்திரம் ஊறிய வைக்கோல் லத்தியைவிட மோசம். அதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் போடு. தரையைக் கட்டும்போதே ஒரு பக்கம் சாய்வு வைக்கச் சொல். தண்ணீர்த் தொட்டி ஒழுகக் கூடாது. கொள்ளும் தவிடும் சிந்தினால் அப்போதே துடை. ஈரம் இல்லாத லாயத்தில் ஈக்குப் பாதி வேலை இல்லை.

அள்ளினால் போதாது, அதை எங்கே கொட்டுகிறாய் என்பதும் இருக்கிறது. உன் அப்பா ஆரம்பத்தில் லாயத்துச் சுவரை ஒட்டியே குவித்துவைத்தார். எருவாகுமாம், கத்தரி வைப்பாராம். கத்தரி வந்ததோ இல்லையோ, அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்தார்கள். கையில் ஒரு கிண்ணம் மீன்குழம்பு, அதன் நடுவில் ஓர் ஈ. "ஏம்மா, இது என் வூட்டு ஈயா உன் வூட்டு ஈயா, நீயே பாத்துச் சொல்லு" என்றார்கள். பள்ளிக்கூட டீச்சர் அல்லவா, கோபத்தைக்கூடக் கேள்வித்தாள் மாதிரிதான் நீட்டுவார்கள். உன் அப்பா ஈயை உற்றுப் பார்த்துவிட்டு, "மீனுக்கு வந்த ஈ போலத் தெரிதுங்க, நம்ம ஈ கொஞ்சம் பெருசு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டெல்லா அக்காவுக்கும் முடியவில்லை. ஆனால் மறுநாளே குப்பையை மேற்குக் கோடிக்கு மாற்றிவிட்டோம்.

நீயும் அப்படியே செய். மத்தியானத்துக்கு மேல் அங்கேயும் கடல்காற்று கிழக்கிலிருந்துதான் வரும், அதனால் குப்பை தோப்பின் மேற்குக் கோடியில் இருக்க வேண்டும். லாட்ஜுகள் எந்தப் பக்கம் என்று பார்த்து அதற்கும் தள்ளிப் போடு. குழி வெட்டி, லத்தியும் வைக்கோலும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்து மூடிக் கல் வை. நான்கு நாளில் உள்ளே கையை விட முடியாத சூடு ஏறும், அந்தச் சூட்டில் புழு வெந்துவிடும். வாரம் ஒரு தடவை மண்வெட்டியால் புரட்டிவிட்டு மறுபடி மூடு. மூட நேரமில்லாத அன்று வெயிலில் மெல்லியதாகப் பரப்பிவிடு. காய்ந்த லத்தியில் ஈ முட்டை வைக்காது. மழைக்காலத்தில் மட்டும் பரப்பாதே, நாறிப்போகும்.

கோழி வை. பண்ணைக் கோழி வேண்டாம், அது நாம் போடுவதைத் தின்றுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும். நாட்டுக்கோழி ஐந்தாறு இருந்தால் லாயத்தைக் காலால் கிளறிப் புழுவைப் பொறுக்கித் தின்றுவிடும். குதிரைகள் கோழிகளைக் கண்டுகொள்ளாது. மாரி முதல் நாள் மட்டும் ஒரு சேவலைப் பார்த்து மிரண்டாள், பிறகு அந்தச் சேவல் அவள் முதுகிலேயே ஏறி நின்று கூவ ஆரம்பித்துவிட்டது.

உன் கடையில் அந்தப் பழைய பெரிய ஃபேன் ஒன்று மூலையில் கிடக்கிறதே, அதைச் சரிசெய்து லாயத்தில் மாட்டு. வேகமாகக் காற்று அடிக்கிற இடத்தில் ஈயால் நிலைத்து உட்கார முடியாது. இவ்வளவு வருஷத்தில் நான் கண்டதில் இதுதான் சுலபமான வழி. வயர் மட்டும் குதிரைக்கு எட்டாத உயரத்தில் போகட்டும். மாரிக்கு எதையும் கடித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது.

புகை போடலாம். வேப்பிலையும் நொச்சியும் காயவைத்து, பொழுது சாயும் நேரத்தில் காற்று வருகிற பக்கம் ஒரு சட்டியில் கொஞ்ச நேரம் மூட்டினால் போதும். அதிலும் உன் அப்பா ஒரு கூத்து நடத்தியிருக்கிறார். ஈ ஒன்றுகூடத் தப்பக் கூடாது என்று நாலு பக்கமும் கீற்றுத் தட்டியை இறக்கிவிட்டு உள்ளே புகை மூட்டினார். ஈயும் போகவில்லை, மாரி மூன்று நாள் இருமினாள். குதிரைக்கு நெஞ்சு லேசு, அடைத்த இடத்தில் புகை ஆகாது. வேப்பெண்ணெயைத் தனியாகத் தடவாதே, எரியும். ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்குப் பத்துப் பங்கு தேங்காயெண்ணெய் கலந்து, முதலில் கழுத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் தடவி ஒரு நாள் பொறு. தடிக்கவில்லை என்றால் வயிற்றுக்கடியிலும் கால்களிலும் தடவு. கண் பக்கம் கொண்டுபோகவே போகாதே. வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குதிரைமேல் அடிக்கச் சொல்லி எவனாவது யோசனை சொன்னால் அவனை வாசலோடு அனுப்பிவிடு.

பொறி வைக்கிறவர்களும் உண்டு. பாட்டிலில் வெல்லத் தண்ணீர் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டால் ஈ உள்ளே போய் விழும். இதை எங்கேயோ கேட்டுவிட்டு வந்த உன் அப்பா, வெல்லம் எதற்கு, துறைமுகத்தில் சும்மா கிடைக்கிறதே என்று கருவாட்டுத் தண்ணீரை ஊற்றி லாயத்து வாசலிலேயே நாலு பாட்டிலைக் கட்டிவிட்டார். கேட்க வேண்டுமா! துறைமுகத்து ஈயெல்லாம் குடும்பத்தோடு கிளம்பி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது ஒன்பதாவது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பொறி என்றால் குதிரையிடமிருந்து இருபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும், ஈயை அங்கே இழுக்கத்தானே அது. கூப்பிட்டு வைத்துவிட்டு அடிப்பதற்கல்ல.

ஊர்வலம் முடிந்து வந்ததும் குதிரையை அப்படியே கட்டாதே. பெண்வீட்டார் சந்தனம் பூசுவார்கள், மாலை போடுவார்கள், யாராவது ஒரு சித்தி அதன் வாயில் லட்டைத் திணிப்பார். அத்தனையும் ஈக்கு விருந்து. முகத்தையும் வாயையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். ஒரு குதிரைக்குத் துடைத்த துணியை இன்னொன்றுக்கு எடுக்காதே. பண்ருட்டிப் பலாப்பழம் வண்டி வண்டியாக வருகிற மாதங்களில் ஈ ஜாஸ்தி, அப்போது நெற்றியில் நூல் குஞ்சம் கட்டு, அது ஆட ஆடக் கண்ணில் ஈ உட்காராது. கண்ணில் நீர் வழிந்தால், பீளை கட்டினால், அன்றைக்கே கால்நடை டாக்டரைக் கூப்பிடு. நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே.

இரண்டு குதிரையையும் சேர்த்துக் கட்டுகிறபோது எதிரும் புதிருமாகக் கட்டு, ஒன்றின் தலைப்பக்கம் இன்னொன்றின் வால் வரும்படி. ஒன்று வாலை வீசினால் மற்றதன் முகத்தில் ஈ உட்காராது. மாரி வந்த ஒரு மாதத்திலேயே தானாக செல்லியின் இடப்பக்கம் போய் நிற்கப் பழகிக்கொண்டாள். பார்வை இல்லாத பக்கம் ஈ வருவது செல்லிக்குத் தெரியாது, மாரியின் வால்தான் அதை ஓட்டுகிறது. திருவதிகைக்காரரிடம் இதைச் சொன்னேன், அவர் தலையாட்டிவிட்டு மாரியின் பல்லைப் பார்த்தார்.

மேலே எழுதியதெல்லாம் ஒரு பக்கம், குதிரைக்குக் கடவுள் கொடுத்த வால் ஒரு பக்கம். வாலும் நெற்றிமயிரும் இருந்தால் குதிரை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்த இரண்டையும் நான்தான் செல்லியிடமிருந்து பிடுங்கினேன்.

எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஜடை அலங்காரம் கைவந்த வேலை. முதுநகரில் பூ ஜடை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உன் அப்பா செல்லியை வாங்கிவந்தபோது அவள் வாலைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. நீளமாக, கறுப்பாக, தரையைத் தொடும் வால். ஒரு கல்யாணத்துக்கு மணப்பெண்ணுக்குப் பின்னுகிற மாதிரியே அவளுக்கும் பின்னி, ஜரிகைக் கயிறு சுற்றி, மேலே மடக்கிக் கட்டி, குஞ்சம் தொங்கவிட்டேன். நெற்றிமயிரையும் முறுக்கி மகுடத்துக்குள் செருகிவிட்டேன். ஊரே பார்த்தது. மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் குதிரையைப் பார்த்தார்கள். "ஜட போட்ட குதிர வேணும்" என்று சிதம்பரத்திலிருந்தும் கேட்டு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வைகாசியில் ஐந்து நாளுக்குள் மூன்று முகூர்த்தம். முதல் ஊர்வலம் சிதம்பரத்தில், இரண்டாவது பண்ருட்டிப் பக்கம், மூன்றாவது இங்கேயே கடலூரில். பின்னி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். முதல் ஊர்வலம் முடிந்து வந்ததும் உன் அப்பா, "ஜடைய அவுத்து வுடுடி, அது வால ஆட்டட்டும்" என்றார். நான், "நாளன்னிக்கி மறுபடியும் யாரு ஒக்காந்து பின்றது? நீயா? கெடக்கட்டும்" என்றேன். கிடந்தது. ஐந்து நாள் முழுக்க அவள் வால் மடக்கிக் கட்டியபடியே இருந்தது, நெற்றியில் ஒரு மயிர்கூட விழவில்லை. பலாப்பழக் காலம், ஈ எப்படி இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், காலைத் தரையில் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு, ஜடை கலையப்போகிறது என்று அவளைத்தான் அதட்டினேன். நாலாம் நாள் இடது கண்ணில் நீர் வழிந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டு, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் மஞ்சள் பூசி, மூன்றாவது ஊர்வலத்துக்கு அனுப்பினேன். அங்கேயும் ஜடை நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

ஆறாம் நாள் காலையில் கால்நடை டாக்டர் வந்தார். அதற்குள் கண் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிட்டது. அன்று காலைதான் உனக்குப் பன்னிரண்டாவது ரிசல்ட். நீ விடிந்ததும் எழுந்து வேலையை முடித்துவிட்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடி, மார்க்கைப் பேப்பரில் எழுதிக்கொண்டு சிரித்த முகத்தோடு வாசலுக்குள் நுழைந்தாய். டாக்டர் நிமிர்ந்து, "ஈ மொய்ச்சு மொய்ச்சுப் புண்ணாக்கி, உள்ளாற புழு வுட்டிருக்குது. இவ்ளோ ஈ எப்படி வந்துது? லத்தி அள்றதில்லயா?" என்று கேட்டார். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். நான் ஜடையை அதற்கு முன்னாலேயே அவிழ்த்துவிட்டிருந்தேன், டாக்டர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் முதல் வேலையாக அவிழ்த்தேன். என்னைத் திருடி என்று சொல்ல வேறு சாட்சி வேண்டுமா? அந்தப் பத்துப் பேருக்கு முன்னால் உன்னைக் கைநீட்டி, "இவன்தான் சார். லத்தி அள்றா அள்றான்னு தலபாடா அடிச்சிக்கிறேன், கேட்டாத்தானே! ரிசல்ட்டு ரிசல்ட்டுன்னு ஊரச் சுத்துனா? கண்ணக் கெடுத்துட்டான் பாவி" என்று கத்தினேன்.

நீ ஒரே ஒரு தடவை, "அள்ளுனேம்மா" என்றாய். "அள்ளுனா ஏன்டா ஈ வருது?" என்று நான் இன்னும் உரக்கக் கத்தினேன். ஸ்டெல்லா அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இல்லம்மா, தம்பி காலைல கூடயோட போனத நான் பாத்தேன்" என்றார்கள். "அக்கா, உங்க வேலயப் பாருங்க" என்று சொல்லி அவர்கள் வாயையும் அடைத்தேன். உன் அப்பா செல்லியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அவருக்குத் தெரியும். என் வாய்க்குப் பயந்து அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நீ மார்க் எழுதிய பேப்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். எவ்வளவு மார்க் என்று அன்று உன்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அது மறுநாள் ஸ்டெல்லா அக்கா சொல்லித்தான் தெரியும்.

சரவணா, நீ அள்ளியிருந்தாய். அன்றும் அள்ளியிருந்தாய், அதற்கு முந்தின ஐந்து நாளும் அள்ளியிருந்தாய். மேற்குக் கோடியில் லத்தியைக் கொட்டி மூடி, கல்லும் வைத்திருந்தாய். கூடையைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தாய். நான் அதைப் பார்த்தேன். டாக்டர் வருவதற்கு முன்னாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உன்னைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். அவமானம், வேறொன்றும் இல்லை. இந்த ஊரில் எனக்கென்று இருந்த பெயர் அந்த ஜடை ஒன்றுதான். அதுதான் ஒரு வாயில்லாத ஜீவனின் கண்ணைத் தின்றது என்று பத்துப் பேருக்கு முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. கையெட்டும் தூரத்தில் நீ நின்றாய். அம்மா சொன்னால் பொறுத்துக்கொள்வாய் என்று தெரியும். இரண்டு நாளில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. நீ டிப்ளமோ படிக்கச் சிதம்பரம் போனாய். அங்கேயே கடை வைத்தாய், கல்யாணம் ஆயிற்று. நீயும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாய், அதனால் மறந்திருப்பாய் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நீ மறக்கவில்லை. அதைவிடக் கொடுமை, நீ அதை நம்பிவிட்டாய். அள்ளினேன் என்று சொன்ன பிள்ளை, அள்ளவில்லையோ என்று தன்மேலேயே சந்தேகப்பட்டு, பதினாலு வருஷம் கழித்துப் பெண்டாட்டியிடம் கண்ணை எடுத்தவன் நான் என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்து போகிறான். எனக்கு ஆத்திரமாக வருகிறது. உன்மேல் அல்ல, என்மேல்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே, "வுடும்மா, பழய கதை" என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் அதை நீ இப்போது சொல்ல வேண்டாம். முதலில் என்மேல் கோபப்படு. கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் படு. நேற்று ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போய் அவர்களிடம் சொன்னேன். "அன்னிக்கே தெரியும்மா. இப்பவாச்சும் சொன்னியே" என்று டீ போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் இந்தக் கடிதத்தில் அதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கருவாட்டுத் தண்ணீரை எடுத்துவிடச் சொன்னார், மருமகள் படிப்பாளாம். முடியாது என்றேன். ஜடையைப் பற்றிய பக்கம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நானும் வாய மூடிகினு நின்னேன், அதயும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அந்த வைகாசிக்குப் பிறகு நான் எந்தக் குதிரைக்கும் ஜடை பின்னவில்லை. ஊர்வலத்துக்கு மாரியின் வாலைச் சீவி, அப்படியே விட்டு அனுப்புகிறோம். ஜடை இல்லையே என்று ஆரம்பத்தில் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். மாரி தெரு முழுக்க வாலை வீசிக்கொண்டு போகிறாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை அன்றைக்கே பார்க்கத் தெரியாமல் போயிற்று. உன் மச்சான் ஆர்வத்தில் எதையாவது கட்டிவிடப் போகிறான், ஊர்வலம் முடிந்த இடத்திலேயே அவிழ்த்துவிட வேண்டும் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவை.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறாய். வாசலில் பைக்கை நிறுத்துகிறாய், அப்பாவிடம் பேசுகிறாய், நேரே வீட்டுக்குள் போகிறாய். பதினாலு வருஷமாக நீ லாயத்துப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. செல்லியின் முகத்தைப் பார்க்க உனக்குத் தைரியம் இல்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நீ பார்க்காததால் உனக்குத் தெரியாத ஒன்றை நான் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன். வாசலில் உன் குரல் கேட்டதும் அவள் தின்பதை நிறுத்திவிடுவாள். இடப்பக்கம் தெரியாது அல்லவா, உடம்பை மொத்தமாகத் திருப்பி, வலது கண் உன் பக்கம் வரும்படி வந்து நின்றுகொள்வாள். நீ வீட்டுக்குள் போய்க் கதவு மூடுகிறவரைக்கும் அப்படியேதான் நிற்பாள்.

இப்படிக்கு,
அம்மா